டாஷ்போர்டு முள் பொய் சொன்னால்: பழைய காரின் ஒயரிங் பழுதை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே கார் நடுரோட்டில் நின்றது எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது. மூன்றாவது முறை, வெயிலில் கேனைத் தூக்கிக்கொண்டு பங்க் வரை நடந்தபோதுதான் இனி பாகம் வாங்குவதற்கு முன்னால் ஒயரைப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். அதற்குள் இரண்டு டேங்க் யூனிட் (டேங்குக்குள் இருந்து பெட்ரோல் அளவைச் சொல்லும் சென்சார்) மாற்றியாகிவிட்டது. கழற்றியவை இரண்டும் நல்ல நிலையில் இன்னும் பரணில் கிடக்கின்றன. உண்மையான பழுது, டிக்கி விரிப்புக்கு அடியில் துருவேறிக் கிடந்த ஒரு எர்த் ஸ்க்ரூ. எர்த் என்றால், மின்சாரம் காரின் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு.

அப்புறம் வீட்டுக் கார், மாமாவின் கார், பக்கத்துத் தெரு நண்பர்களின் கார் என்று பார்த்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. முள் மீட்டரும் ஒற்றை ஒயர் சென்சாரும் உள்ள, கார்ப்ரேட்டர் காலத்து 12 வோல்ட் கார்களுக்குத்தான் இவை முழுமையாகப் பொருந்தும். புதிய கார்களுக்கு எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது கடைசியில் இருக்கிறது.

## கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப். இரு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த, இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு ஒயர். உப்புத்தாள். ஹோல்டரோடு ஒரு பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. இது எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இதை மாற்றிச் செய்தால் பாசிட்டிவைத் திருகும் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் அது வெறும் பயமுறுத்தல் இல்லை.

இன்னொன்று. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி அணைகிறதா என்று பார்த்து டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது உண்மையான டைனமோ இருந்த காலத்து வழி. இன்று நாம் டைனமோ என்று சொல்வது ஆல்டர்னேட்டர். அதில் இதைச் செய்தால் வோல்டேஜ் திடீரென்று எகிறி, உள்ளே இருக்கும் டயோடும் ரெகுலேட்டரும் போய்விடலாம். யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

## செல்ஃப் எடுக்கவில்லை

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். மீட்டர் எதுவும் வேண்டாம், வெளிச்சமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

### வெளிச்சம் அடியோடு போய்விடுகிறது

பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறது, அல்லது உப்பு பூத்திருக்கிறது. கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் அதுவேதான். வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து ஊற்றினால் அந்த வெள்ளை, பச்சைப் பூப்பு கரைந்துவிடும். பேட்டரி மூடிக்குள் அந்தத் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் முனையையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இந்தப் பிரிவில் பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

### வெளிச்சம் மங்குகிறது, ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம்

பேட்டரியில் சார்ஜ் இல்லை. வண்டியை அணைத்துச் சில மணி நேரம் ஆனபின் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியே செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் முடியப்போகிறது. பேட்டரிக் கடையில் லோடு டெஸ்டர் வைத்து உறுதிசெய்துகொண்டு மாற்றலாம்.

### வெளிச்சம் மங்குகிறது, செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

பேட்டரி நன்றாக இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள், குறிப்பாக இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை. அது அறுந்திருந்தால் செல்ஃபுக்கான மின்சாரம் வேறு வழி தேடி, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் புகைகிறது என்று ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். காரணம் இதுதான். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியபோது பட்டையைத் திரும்ப மாட்ட மறந்திருந்தார்கள்.

சோதிப்பது சுலபம். வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் சின்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டர் 20 வோல்ட் டிசியில் இருக்கட்டும். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வரை காட்டினால் சரி. அதற்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் எர்த்தில் வீணாகிறது. இதே போலப் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் 0.5-க்குள் இருக்க வேண்டும். கிளிப்பை ஈய முனையிலேயே வையுங்கள், கிளாம்பில் வைக்காதீர்கள். பழுது அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

### வெளிச்சம் மாறவே இல்லை

கனமாக ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் சொலினாய்டுக்குள் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்) இருக்கும் செம்பு முனை தேய்ந்திருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் சொலினாய்டின் சின்ன ஒயரில் டெஸ்ட் லாம்பை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். லாம்ப் எரியவில்லையென்றால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது வழியில் ஏதோ ஒரு கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்). எரிந்தும் மோட்டார் அசையவில்லையென்றால் மோட்டாரை இறக்கத்தான் வேண்டும். நான் இங்கே நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீசியனிடம் போய்விடுவேன். பிரஷ் மாற்றுவது பெரிய வேலையில்லை, ஆனால் வண்டிக்கு அடியில் படுத்து அந்த மோட்டாரை இறக்குவது பெரிய வேலை.

## இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி

பேட்டரியும் சார்ஜிங்கும் சரியாக இருந்தால் எதுவோ திருட்டுத்தனமாக மின்சாரம் குடிக்கிறது. மீட்டரை எடுக்கும் முன் டிக்கி விளக்கைப் பாருங்கள். டிக்கி மூடினாலும் அது எரிகிறதா என்று எப்படித் தெரியும்? செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். ஒரு 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர்-அவர். சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு மூன்று நாள் தாங்காது.

அது இல்லையென்றால் மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக வையுங்கள். சாவி வெளியே, கதவெல்லாம் மூடி. இந்த நிலையில் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகமாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்தப் பாதையில்தான் குற்றவாளி. அனுபவத்தில் முதல் சந்தேகம் பின்னால் பொருத்திய ஆடியோ செட், அடுத்தது திருட்டு அலாரம். எல்லா ஃபியூஸும் வெளியே வந்தும் எண் குறையவில்லையென்றால் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அப்போது விழுந்தால் டயோடு போயிருக்கிறது. அது கடை வேலை.

வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அடுத்த நாள் அப்படியே பேட்டரி வோல்டேஜ் பார்க்கப் போனேன். மீட்டர் வழியே நேராக ஷார்ட். ஒரு மீட்டர் செலவில் கற்ற பாடம் அது.

## பேட்டரி லைட்

### சாவி போட்டால் எரியவே இல்லை

பல்பு போயிருக்கலாம். ‘எரியாமல் இருந்தால் நல்லதுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதற்கான முதல் மின்சாரம் இந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு இல்லையென்றால் சார்ஜும் இல்லை. ஆல்டர்னேட்டரில் இந்த லைட்டுக்கான மெல்லிய ஒயரைக் கழற்றி எர்த்தில் தொடுங்கள். லைட் எரிந்தால் டாஷ்போர்டு பக்கம் சரி, ஆல்டர்னேட்டர் பக்கம் பழுது. எரியவில்லையென்றால் பல்பு, ஃபியூஸ், ஒயர் என்ற வரிசையில் பாருங்கள்.

### ஓடும்போது எரிகிறது

முதலில் ஃபேன் பெல்ட். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் பேட்டரியை விடுங்கள், இன்ஜின் கொதித்துவிடும். உடனே ஓரம் கட்டுங்கள். பெல்ட் நன்றாக இருந்தால் பேட்டரி முனைகளில் மீட்டர் வையுங்கள். ஓடும் இன்ஜினில் 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். 12.5-இலேயே நின்றால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவதும் பல்பு அடிக்கடி போவதும் இதனால்தான். அந்த நிலையில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம்.

### மின்மினி மாதிரி மங்கலாக எரிகிறது

இரவில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆல்டர்னேட்டர் டயோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது இக்னிஷன் சுவிட்சில் வோல்டேஜ் விழுந்துகொண்டிருக்கலாம். சுவிட்ச் வழியாக வரும் ஃபியூஸில் ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை அளந்து பாருங்கள். ஒரு வோல்ட் வித்தியாசம் இருந்தால் சுவிட்சைச் சந்தேகப்படலாம். ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதைவிட அது மலிவு.

## பெட்ரோல் முள்

இங்கேதான் நான் அதிக நாள் வீணாக்கினேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேங்குக்குள் ஒரு மிதவை, அதோடு சேர்ந்து நகரும் ஒரு ரெசிஸ்டன்ஸ். அவ்வளவுதான். எந்தப் பக்கம் அதிக ஓம் என்பது மட்டும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஜப்பானிய வழி வந்த பல கார்களில் டேங்க் நிறைந்திருந்தால் 3 ஓம் போல, பாதியில் 32 போல, காலியானால் 110 போல. ஐரோப்பிய வகைகளில் பரவலான ஒன்று இதற்குத் தலைகீழ்: காலியில் 10, நிறைந்தால் 180. ஆகவே இணையத்தில் யாரோ சொன்ன எண்ணை நம்பி யூனிட் வாங்காதீர்கள். கீழே நான் சொல்வது காலியில் அதிக ஓம் காட்டும் வகைக்கு. உங்கள் வண்டி தலைகீழ் வகை என்றால் காலியையும் ஃபுல்லையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான சோதனை ஒன்றே ஒன்று. டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரின் கப்ளரைக் கழற்றி, சாவியைப் போடுங்கள். முள் காலிக்குப் போக வேண்டும். சாவியை அணைத்து, ஒயரை எர்த்தோடு இணைத்து, திரும்பச் சாவியைப் போடுங்கள். முள் ஃபுல்லை நோக்கி நகர வேண்டும். நேராக எர்த் செய்வதைவிட நடுவில் ஒரு சின்ன டாஷ்போர்டு பல்பை, 3.4 வாட் அளவில், வைப்பது நல்லது, டாஷ்போர்டு மீட்டருக்குப் பாதுகாப்பு. பழைய மீட்டர்கள் உள்ளே ஒரு தகடு சூடாகித்தான் நகரும், அதனால் முள் சோம்பேறித்தனமாக ஏறும். பொறுமையாக இருங்கள், ஆனால் ஃபுல்லை நெருங்கியதும் ஒயரை எடுத்துவிடுங்கள்.

எர்த் செய்வதைச் சாவி அணைத்த நிலையில் இணைத்துச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டேங்க் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. முடிந்தால் டேங்கை விட்டுத் தள்ளி இருக்கும் கப்ளரில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் செய்யவே வேண்டாம்.

### எப்போதும் காலி காட்டுகிறது

எர்த் செய்ததும் முள் ஏறினால் மீட்டரும் ஒயரும் நல்லவை. யூனிட் மட்டும் மிச்சம் என்று நினைத்து உடனே கடைக்குப் போவீர்கள். நானும் அப்படித்தான் போனேன். போவதற்கு முன் அந்த இரண்டு மீட்டர் நீள ஒயரை எடுத்து ஒரு முனையை யூனிட்டின் உலோக மூடியிலும், மறு முனையைப் பாடியில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் கவ்வவிடுங்கள். இந்த இணைப்பையும் சாவி அணைத்த நிலையில், பாடி முனையைக் கடைசியாகச் செய்யுங்கள். கப்ளரைத் திரும்ப மாட்டிச் சாவி போட்டதும் முள் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் யூனிட்டுக்கு எர்த் கிடைக்கவில்லை. எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, துருவைத் தேய்த்து, திரும்ப இறுக்கினால் போதும். என்னுடைய மூன்று நடைகளும் இந்த ஒரு ஸ்க்ரூவால்தான்.

‘காலியில் அதிக ஓம் என்றால், எர்த் கெட்டால் குறைவாகத்தானே காட்ட வேண்டும், உன் வண்டி கால் டேங்க் காட்டிக்கொண்டே எப்படி நின்றது’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் வண்டி அந்தத் தலைகீழ் வகை. துருவின் ரெசிஸ்டன்ஸ் கூடக் கூட முள் மேலே மேலே ஏறியது.

எர்த் செய்தும் முள் அசையவில்லையென்றால் மீட்டருக்குப் பின்னாலுள்ள முனையில் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே அசைந்தால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. எலியாக இருக்கலாம், சீட்டுக்கு அடியிலும் கதவோரப் பட்டைக்கு உள்ளேயும் ஒயர் போகும் இடங்களைப் பாருங்கள். அங்கேயும் அசையவில்லையென்றால் மீட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகே மீட்டரைக் குறை சொல்ல வேண்டும்.

### எப்போதும் ஃபுல்

டேங்க் கப்ளரைக் கழற்றுங்கள். முள் விழுந்தால் பழுது டேங்குக்குள்: மிதவை மேலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. விழவில்லையென்றால் வழியில் ஒயர் நசுங்கிப் பாடியில் உரசுகிறது. சீட் போல்ட்டை யாராவது சமீபத்தில் கழற்றினார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

### ஓரிடத்தில் குதிக்கிறது, அல்லது பாதிக்கு மேல் ஏறுவதில்லை

குதித்தால் ரெசிஸ்டன்ஸ் பாதை தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் உள்ளே போயிருக்கலாம். இரண்டுக்கும் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில். பக்கத்தில் பீடி பிடிக்கும் நண்பரை முதலில் அனுப்பிவிடுங்கள். வெளியே வந்த மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே ‘களக்’ என்று கேட்கும். யூனிட்டைத் துடைத்துக் காயவைத்து, மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து மிதவையின் கையை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். எண் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது எகிறினால் அங்கே தேய்ந்திருக்கிறது. பஞ்சால் துடைத்து, தொடும் கம்பியைச் சற்றே வளைத்துச் சில மாதம் ஓட்டலாம், ஆனால் புது யூனிட்தான் தீர்வு. பழைய ரப்பர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். டேங்குக்கு அடியில் படுத்துத்தான் யூனிட்டை எட்ட முடியும் என்ற வண்டியா? மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

## வெப்ப முள்

### சூட்டுப் பக்கம் ஏறுகிறது

இதை முதலில் மின்சாரப் பழுது என்று நினைக்காதீர்கள். உண்மையாகவே கொதிக்கிறது என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஆறிய பிறகு தண்ணீர் சரியாக இருந்து, காலையில் குளிர்ந்த இன்ஜினில் சாவி போட்டவுடனேயே முள் சூட்டுக்குத் தாவினால் மட்டும் ஒயரைப் பாருங்கள். சென்சார் ஒயரைக் கழற்றியதும் முள் விழுந்தால் சென்சார் ஷார்ட், விழாவிட்டால் ஒயர் ஷார்ட்.

### எழவே இல்லை

ஒயரைக் கழற்றி எர்த் செய்தால் முள் சூட்டுப் பக்கம் போக வேண்டும். போனால் சென்சார் பழுது. ரேடியேட்டர் ஃபேனை இயக்கும் சுவிட்சும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், மாற்றிக் கழற்றிவிடாதீர்கள். புது சென்சாருக்கு டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அதற்கு எர்த் கிடைக்காமல் போய், ‘புதுசும் வேலை செய்யவில்லை’ என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டிவரும்.

முள் கொஞ்சம் எழுந்து கீழேயே நின்றால் மின்சாரத்துக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டும் வழக்கம் நம்மூரில் உண்டு. அப்படிப்பட்ட இன்ஜின் சூடேறவே நேரமெடுக்கும், மீட்டர் உண்மையைத்தான் காட்டுகிறது.

ஆபத்தான வகை இன்னொன்று. தண்ணீர் மொத்தமும் ஒழுகிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும்; இன்ஜின் வேகும்போதும் முள் கீழே இறங்கலாம். ஓட்டத்தில் முள் காரணமின்றி விழுந்தால் நிறுத்திப் பாருங்கள்.

## பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒன்றாகக் கெட்டுவிட்டன

இரண்டு சென்சாரும் ஒரே நாளில் போகாது. பொதுவான ஃபியூஸ், டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள கப்ளர், எர்த், இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். பிரிட்டிஷ் வழி வந்த பழைய கார்களில் மீட்டருக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி இருக்கும், ஸ்டெபிலைசர். திறந்து மூடித் திறந்து மூடி, சராசரியாக 10 வோல்ட் அனுப்புவது அதன் வேலை. அதன் எர்த் போனால் திறக்காமலேயே முழு 12 வோல்ட்டையும் விட்டுவிடும். இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டும். உள்ளே அறுந்துபோனால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். டெஸ்ட் லாம்பை அதன் வெளி முனையில் வைத்தால் விட்டு விட்டு எரிய வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் எண் தாவிக்கொண்டே இருக்கும், மீட்டர் கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம்.

ஹெட்லைட்டைப் போடும்போதெல்லாம் இரண்டு முள்ளும் நகர்கின்றனவா? டாஷ்போர்டின் எர்த். வேறு எதையும் தேட வேண்டாம்.

## ஆயில் லைட்

ஓடும்போது எரிந்தால் இன்ஜினை உடனே அணையுங்கள். வீடு பக்கம்தான், பங்க் பக்கம்தான் என்ற கணக்கே கூடாது. குச்சியை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், லைட்டை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச்தான் கெட்டிருக்கும் என்று ஓட்டிப் பார்க்காதீர்கள். சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்ப்பது மெக்கானிக் வேலை, அதுவரை வண்டியைக் கட்டி இழுத்துப் போவதுதான் மலிவு.

சாவி போட்டும் எரியவில்லையென்றால் நாமே பார்க்கலாம்: சுவிட்ச் ஒயரைக் கழற்றி எர்த் செய்யுங்கள். எரிந்தால் சுவிட்ச், எரியாவிட்டால் பல்பு அல்லது ஒயர். இதைத் தள்ளிப்போட வேண்டாம். எரியாத ஆயில் லைட், பேட்டரி இல்லாத புகை அலாரம் மாதிரி.

## ஸ்பீடோமீட்டர்

முள் ஆடினால், கீச்சென்று சத்தம் வந்தால் கேபிள். காய்ந்திருக்கும், அல்லது எங்காவது கூர்மையாக வளைந்திருக்கும். முள் அசையவே இல்லையென்றால் உள் கம்பி அறுந்திருக்கும். கேபிள் புதிதாகியும் வேலை செய்யவில்லையென்றால் கியர்பாக்ஸிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம்.

## விளக்குகள்

### பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரோ பார்க்கிங் லைட்டோ மங்கலாக எரிகிறது

பின் விளக்கின் எர்த். தனக்கு எர்த் கிடைக்காத பிரேக் பல்பு, பக்கத்துப் பல்பின் வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. கிளிப் ஒயரால் விளக்கின் எர்த் முனையைப் பாடியோடு இணைத்ததும் எல்லாம் ஒழுங்காகிவிட்டால் முடிந்தது. அப்படியும் ஆகவில்லையென்றால் 21/5 வாட் இரட்டை இழைப் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் யாராவது ஒற்றை இழைப் பல்பைத் திணித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

### இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடிக்கிறது

அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை, அல்லது எல்ஈடி மாட்டியிருக்கிறார்கள். இரு பக்கமும் அடிக்காமல் நின்றால் ஃபியூஸ், பிறகு ஃப்ளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் சின்னப் பெட்டி).

### ஹெட்லைட் மங்கல்

பல்பு ஹோல்டரில், லைட் எரியும்போதே, வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஒயரிலும் சுவிட்சிலும் போகிறது. இங்கே பலர் செய்வது 100/90 வாட் பல்பு மாட்டுவது. 60/55 வாட் பல்பு இரண்டுக்கு 10 ஆம்பியர் தாங்கும்படி செய்த ஒயரிங்கில் 16 ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஹோல்டர் உருகும், டிம்மர் சுவிட்ச் கருகும். ரிலேயும் தடித்த ஒயரும் போடச் சொல்லி எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். அதே பழைய பல்பே பளிச்சென்று எரியும்.

## ஃபியூஸ் போட்டால் போகிறது, போட்டால் போகிறது

சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றாதீர்கள். செம்புக் கம்பியும் வேண்டாம். 10 ஆம்பியர் சிவப்பு போகிறதே என்று 20 ஆம்பியர் மஞ்சளைப் போட்டால் அடுத்தது எரிவது ஒயர்.

இங்கேதான் அந்த 21 வாட் பல்பு. போன ஃபியூஸின் இரண்டு முனைகளிலும் ஃபியூஸுக்குப் பதில் இந்தப் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒயர் சூடாகாது, ஃபியூஸும் வீணாகாது. இப்போது அந்தப் பாதையிலுள்ள ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள், ஒயர்க் கட்டை அங்கங்கே அசைத்துப் பாருங்கள். எங்கே கை வைக்கும்போது பல்பு அணைகிறதோ, மங்குகிறதோ, பழுது அங்கே. டிக்கிக் கீல், கதவுக் கீல், பயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) துளை, இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் ஒயரின் உறை உரசித் தேய்ந்திருக்கும்.

ஒயர்க் கட்டு உள்ளே உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, எலி ஐந்தாறு ஒயரை ஒரே இடத்தில் கடித்திருந்தாலோ டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

## புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு

பேட்டரி, டெர்மினல், எர்த், ஃபியூஸ், பல்பு பற்றி மேலே சொன்னவை உங்களுக்கும் பொருந்தும். ஒயரைக் கழற்றி எர்த்தில் தொடும் சோதனைகள் பொருந்தாது. அங்கே சென்சார் கம்ப்யூட்டரோடு பேசுகிறது, கம்ப்யூட்டர் டாஷ்போர்டோடு பேசுகிறது. எர்த் செய்தால் முள் நகர்வதற்குப் பதில் கம்ப்யூட்டர் போகலாம். டெஸ்ட் லாம்பும் வேண்டாம், மல்டிமீட்டர் மட்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, வெப்ப சென்சார் எத்தனை டிகிரி சொல்கிறது என்று பாருங்கள். ஸ்கேனரில் 90 டிகிரி, முள் மட்டும் படுத்திருக்கிறது என்றால் டாஷ்போர்டு பழுது. இரண்டுமே தப்பாக இருந்தால் சென்சார் பக்கம். நிறுத்திய வண்டியில் மின்சாரம் குடிப்பது எது என்று பார்க்கும்போது கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரைமணி நேரமாவது விடுங்கள்.

மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது, ஆரஞ்சு கேபிள் ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களின் உயர் மின்னழுத்தம். இரண்டிலும் கை வைக்காமல் சர்வீஸுக்கு விடுங்கள்.